படகின் பீடிங்கில் தாங்கள் ஒட்டிக்கொண்ட விஷயமாக

இயேசு மரி சூசை

மாட்டுப்பட்டி
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை காலை

கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரும், என் மகள் லிஜியைத் தம் மகன் ரிஜோவுக்குக் கேட்டு வந்தவரும், இந்த நிமிடம் வரை நான் மனதுக்குள் சம்பந்தி என்றே அழைத்து வருபவருமான மதிப்பிற்குரிய அருளப்பன் அவர்களுக்கு, தேயிலை பாக்டரியில் முப்பத்திநாலு வருடம் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற சுவக்கீன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் நலத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. வேட்டி போனது போகட்டும், தோல் எப்படி இருக்கிறது? தேங்காய் எண்ணெயை நிறுத்தாமல் தடவி வரவும்.

பன்னிரண்டு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்சப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. குரலில் பேசி அனுப்பினேன், அதுவும் அப்படியே. அதனால்தான் நோட்டுப் புத்தகத்தில் நடுப்பக்கம் கிழித்து, பழைய முறைப்படி கடிதமே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைக் கையில் வாங்கினால் மனுஷன் படிக்காமல் இருக்க மாட்டான். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும். நடுவில் கோபம் வரும், வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

என் கவலை ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் வீடு பார்க்க வந்தவர்கள் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, நனைக்காமல் போனால் வேண்டாம் என்று அர்த்தம், இது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீங்கள் கை நனைக்காமல் போய்விட்டீர்கள். எண்ணெயில் முழங்கை வரை நனைத்தீர்கள், ஆனால் அது இந்தக் கணக்கில் வராது என்று சந்தனமேரி சொல்லிவிட்டாள். அவள் விடிகாலையிலேயே எழுந்து வேகவைத்த கப்பைக்கிழங்கும், மிளகு போட்டு வதக்கிய இறைச்சியும், உங்களுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டுத் தனியாகச் செய்து வைத்த இனிப்பில்லாத பாயசமும் அப்படியே இருக்க, நீங்கள் நீலப் படுதாவைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறி, "வண்டிய எடு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். எட்டு நாளாக என் காதில் அந்த ஒரு வார்த்தைதான். சோறு இறங்கவில்லை சம்பந்தி, சத்தியமாக இறங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் படகுதான். எங்கள் எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்ன ஏரியில் ஓடுகிற அந்தப் படகுக்கு இராயப்பர் என்று புனித பேதுருவின் பெயர். ஒரு காலத்தில் துரைமார் அக்கரை பங்களாவுக்குப் போவதற்காகக் கட்டியது, இப்போது எங்கள் தொழிலாளர் மன்றம் டூரிஸ்டுகளை ஏற்றி ஓட்டுகிறது. கீழே ஒரு அறை, மேலே ஒரு தட்டு. மேல்தட்டின் விளிம்பைச் சுற்றி ஆட்கள் உட்காரத் தோதாக ஒரு முழ அகலத்தில் தேக்குப் பலகை, அந்தப் பலகையும் தட்டும் சேருகிற இடுக்கை மறைக்க நீளநெடுகப் பீடிங் கட்டை, எல்லாம் பித்தளைத் திருகாணி போட்டு முறுக்கியது. பார்க்க ராஜா வீட்டுக் கட்டில் தோற்றுப் போகும். ஆனால் மழை பெய்தால் அந்தப் பீடிங் இடுக்கு வழியாக மேலே ஒரு குடம் விழுந்ததில் கீழே அரைக் குடம் இறங்கும். அறைக்குள் உட்கார்ந்த டூரிஸ்டுகள் கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு போனார்கள், அதைப் படம் எடுத்து ஊர் உலகமெல்லாம் அனுப்பினார்கள். மன்றத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சுவக்கீன் அண்ணாச்சி சும்மாதான இருக்காரு" என்று ஒரு குரல் வந்தது. சம்பந்தி, ஓய்வுபெற்ற மனுஷனிடம் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், அவன் மலையைப் பெயர்க்கக் கிளம்பிவிடுவான்.

படகு ஓட்டுகிற ஜோமோன் முதல் நாளே சொன்னான், அதை மறைக்க மாட்டேன். "சேட்டா, மேல பூசிட்டு ஒரு காரியமும் இல்ல. பீடிங்க முழுக்க எளக்கி எடுக்கணும், பழைய அழுக்கெல்லாம் சொரண்டணும், அடியில ஒட்டு வச்சுத் திரும்ப முறுக்கணும், திருகாணி ஓட்டையையும் அடைக்கணும்" என்றான். நான் கேட்டேனா? முப்பத்திநாலு வருடம் பாக்டரியில் ஆவி ஒழுகாமல் டிரையரை வைத்திருந்தவனுக்கு இந்த இடுக்கு ஒழுக்கு ஒரு விஷயமா என்று கேட்டு, அவனை ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, அந்தத் திருகாணிகளின் தலையெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டன, இருநூற்றுப் பதினாறு மொட்டைகளை யார் கழற்றுவது?

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நுழைகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. மஞ்சள் கரைத்து மேலே ஊற்றுங்கள், கீழே எங்கே மஞ்சளாக வருகிறதோ பார்க்கலாம் என்று சந்தனமேரி யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். ஊற்றினேன். எங்கேயென்று இல்லாமல் எல்லா இடத்திலும் மஞ்சளாக வந்தது. கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஜோமோன், நலுங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி மேலே ஏறி வந்தான்.

அதற்குப் பிறகு மூணாறு போய் சிலிகான் டியூப் வாங்கி வந்து பூசினேன். உலர்ந்த இடத்தில் பூசவும் என்று டியூப்பில் போட்டிருந்ததாம். ஜூன் மாதத்து மாட்டுப்பட்டியில் உலர்ந்த இடம் எங்கே இருக்கிறது, எங்கள் வீட்டுத் தீப்பெட்டிகூட ஈரம். மூன்றாம் நாள் அது ஒரே கயிறாக உரிந்து வந்தது, ஜோமோன் அதை எடுத்துத் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டான். சரி என்று தார் காய்ச்சி ஊற்றினேன். அதில் ஒழுக்கு நிற்கவில்லை, சொட்டு மட்டும் கறுப்பாயிற்று. அந்தச் சொட்டு அக்கரைக் கோயிலுக்குப் பூசை வைக்கப் போன எங்கள் பங்குச் சாமியாருடைய வெள்ளை அங்கியில், சரியாக முதுகு நடுவில் விழுந்தது. அவர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அகந்தையைப் பற்றிப் பேசினார், பேசும்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இப்படி நான் நொந்து போயிருந்த சமயத்தில் இராயப்பர் சின்னப்பர் திருநாள் வந்தது. திருநாள் அசன விருந்துக்கு அடிமாலியிலிருந்து ஒரு ஜீப் நிறையப் பலாக்காய் வந்து இறங்கியது. பங்குப் பெண்கள் எல்லாரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கோயில் கொட்டகையில் உட்கார்ந்து வெட்டினார்கள். வெட்ட வெட்டப் பால் வடிகிறது. அந்தப் பாலைக் குச்சியில் சுற்றி எடுத்துக் காய்ச்சினால் அதுதான் சக்கை அரக்கு, அதாவது பலா அரக்கு, எங்கள் பக்கத்தில் ஓட்டைக் குடத்தை அதை வைத்துத்தான் அடைப்பார்கள், அடைத்த குடம் பத்து வருஷம் நிற்கும். எனக்குப் பளிச்சென்று தோன்றியது. குடத்துக்கு நிற்கிறது என்றால் படகுக்கு ஏன் நிற்காது? எல்லாரும் இராயப்பரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் குச்சியைத் தூக்கிக்கொண்டு பலாக்காய்க்குப் பலாக்காய் ஓடினேன். "என்னங்க, சாமி சுத்தி வருது, நீங்க சக்கைய சுத்தி வர்றீக. மானத்த வாங்காதீக" என்று சந்தனமேரி பல்லைக் கடித்தாள். மோட்சத்துக்கே வழி கண்டவன் மாதிரி ஒரு வாளி நிறையச் சேர்த்துவிட்டேன்.

காய்ச்சி, இடுக்கு முழுக்க ஊற்றி, மீதி வீணாகப் போகக் கூடாதே என்று உட்காருகிற பலகையிலும் ஒரு பூச்சுப் பூசி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தேன். சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மறுநாள் நானே அரை மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்தேன், கல் மாதிரி இருந்தது, எழுந்தேன், வேட்டியும் கூடவே வந்துவிட்டது. அன்று பெய்த மழையில் அறைக்குள் ஒரு சொட்டு இல்லை! நான் அந்த அறைக்குள்ளேயே இரண்டு ஸ்டெப் டான்ஸ் ஆடினேன், ஜோமோன் சாட்சி. ஆனால் நான் சோதித்த அன்று மூடுபனி. அதற்கு மறுநாளும் மூடுபனி. எங்கள் ஊரில் பன்னிரண்டு நாள் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. குளிரில் கல்லாக இருப்பது வெயிலில் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. நீங்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினீர்கள், கூடவே கம்பத்து வெயிலையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள்.

சந்தனமேரி வாசலிலேயே காதைக் கடித்தாள்: "மொதல்ல சாப்பிடட்டும். பெறகு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க." அந்த ஒரு சொல்லை நான் கேட்டிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை, இந்நேரம் நானும் நீங்களும் பத்திரிகைக்கு எந்தக் கலர் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஆனால் படகுத்துறைக் கடவில் படகு பளபளவென்று நிற்கிறது, ஒரு சொட்டு ஒழுகாத படகு, அதை உங்களுக்குக் காட்டாமல் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு சுற்று என்று உங்களையும் சம்பந்தியம்மாவையும் ரிஜோ தம்பியையும் மேல்தட்டில் ஏற்றி, நல்ல இடமாகப் பார்த்து, நன்றாக வெயில் படுகிற இடமாகப் பார்த்து, நானே உட்கார வைத்தேன். "ஒரு சொட்டு ஒழுகாது சம்பந்தி" என்று ஏழு தடவையாவது சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அடித்துச் சொல்கிறேன், ஒழுகவில்லை.

நடு ஏரியில் சம்பந்தியம்மா, "ஆத்தீ, ஆனை! நம்ம ஏறுன எடத்துலயே நிக்குது பாருங்க" என்றார்கள். நீங்கள் பார்க்க எழுந்தீர்கள். அதாவது நீங்கள் எழுந்தீர்கள், வேட்டி எழவில்லை. டர்ர்ர் என்ற சத்தம் கேட்டு நான் இஞ்சின் பெல்ட் போய்விட்டது என்று நினைத்தேன். உடனே நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள், அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. சம்பந்தியம்மாவின் பட்டுச் சேலை முந்தானையிலிருந்து கொசுவம் வரை பலகையோடு ஒன்றாகிவிட்டது. சாய்ந்து உட்கார்ந்திருந்த ரிஜோ தம்பியின் சட்டை முதுகோடு போயிற்று. உதவிக்கு எழுந்த நானும் எழவில்லை. படகில் மொத்தம் ஐந்து பேர், அதில் நின்றபடி ஸ்டீரிங் பிடித்த ஜோமோன் ஒருத்தன்தான் சுதந்திர மனிதன். கரைக்குப் போகலாம் என்றால் கடவில் அந்தக் கொம்பன் யானை துதிக்கையைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. "சேட்டா, ஆனைக்குச் சக்க மணம் கிட்டிப்போச்சு. படகு கரைய அடுத்தால் அது படகத் தின்னும்" என்றான் ஜோமோன். இஞ்சினை நிறுத்திவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் நாம் நாலு பேரும் வரிசையாக யானையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பேச்சுக் கொடுக்கலாமே என்று நான் உங்களிடம் ஏலக்காய் விலை விசாரித்தேன். அது தப்புதான்.

ஜோமோன் போன் போட்டுச் சொல்லித்தான் லிஜி வந்தாள். யானை கடவில் நின்றதால் தோட்டத்து மேட்டைச் சுற்றி ஓடி, மீன் பிடிக்கிறவர்கள் கட்டி வைத்திருந்த பரிசலை எடுத்துக்கொண்டு, ஒரு கேன் தேங்காய் எண்ணெயும் தோசைத் திருப்பியுமாகத் தனியாகத் துழாவி வந்தாள். பெண் பார்க்க வந்த அன்று பெண் பட்டுச் சேலையோடு பரிசல் துழாவி வந்ததை நீங்கள் வேறு எந்த வீட்டில் பார்த்திருப்பீர்கள்? முதலில் சம்பந்தியம்மாவை எண்ணெய் விட்டு, திருப்பியால் நெம்பி, ஒரு நூல் பிரியாமல் எடுத்தாள். அடுத்து ரிஜோ தம்பி. அவர் சட்டை அவ்வளவு மோசமாக ஒட்டியிருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது, ஆனாலும் அதை எடுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நிதானமான பிள்ளை.

என்னையும் நெம்பி எடுத்த பிறகு, கடைசியில் உங்கள் முறை. அவள் நெம்பினாள், நீங்கள் "ம்" என்று கம்பீரமாக எழுந்தீர்கள், வேட்டி பலகையிலேயே தங்கிவிட்டது. நீங்கள் ஒரு கையால் பனியனை இழுத்து விட்டுக்கொண்டு, மறு கையால் என்னைச் சுட்டிக்காட்டி, "நீரெல்லாம் ஒரு பிட்டரா?" என்று கேட்ட அதே நேரத்தில் கரையில் யானை ஒரு பிளிறல் பிளிறியது. அப்போதுதான் லிஜி சிரித்தாள்.

சம்பந்தி, நான் மன்னிப்புக் கேட்பது பிசினுக்காக அல்ல, அந்தச் சிரிப்புக்காக. அது சந்தனமேரி குடும்பத்துச் சிரிப்பு, கிளம்பினால் பிரேக் கிடையாது. எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் யானையே காட்டுக்குள் போயிற்று என்று ஜோமோன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆனால் உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பெரிய மனுஷனை ஒரு சின்னப் பெண், அதுவும் மருமகளாக வரவேண்டிய பெண், முகத்துக்கு நேராகச் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவள் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு இருபத்தைந்து வருடக் காரணம் இருக்கிறது.

அவள் தங்கமான பிள்ளை. மூணாறில் லேபில் வேலை பார்க்கிறாள், ரத்தம் எடுக்க ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது. அன்றிலிருந்து எட்டு நாளாக வீட்டில் சத்தமே இல்லை. தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் போனால் சட்டென்று கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மண்டைக் கனத்துக்கு நான் நனையலாம், ஒட்டலாம், ஊர் சிரிக்கலாம், பிள்ளை வாழ்க்கை ஏன் போகவேண்டும்? ஆகையால் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்: இனி உங்கள் முன்னால் லிஜி பல் தெரியச் சிரிக்க மாட்டாள். அதற்கு நான் ஜவாப்தாரி. வேண்டுமானால் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்து தரச் சொல்கிறேன்.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோமோன் சொன்னபடியே இருநூற்றுப் பதினாறு திருகாணியையும் கழற்றி, பீடிங்கை எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி, மழைக்குப் படுதா கட்டிக் காயவைத்து, அடியில் ஒட்டு வைத்துத் திரும்ப முறுக்கிவிட்டோம். இப்போது ஒழுகவும் இல்லை, ஒட்டவும் இல்லை. உங்கள் வேட்டியும் முக்கால்வாசி கிடைத்துவிட்டது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை மறுபடி வாருங்கள். படகுப் பக்கமே போக வேண்டாம். நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள்.

மாதாவின் அடைக்கலம் உங்கள் குடும்பத்துக்கும் கடைக்கும் உண்டாகட்டும். உங்கள் ஏலக்காய்க்கு நல்ல நிறமும், உங்கள் தோலுக்குப் பழைய நிறமும் சீக்கிரம் வரட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், ரிஜோ தம்பிக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்
சுவக்கீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கலாம் என்று அடுக்களைக்குப் போனேன். சந்தனமேரி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் யார் என்று பார்த்தால் உங்கள் வீட்டம்மா. எட்டு நாளாகத் தினமும் பேசுகிறார்களாம். அன்று நீங்கள் வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எங்கள் கொல்லைப்பக்கம் போனார்களே, கழுவிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து கப்பையும் இறைச்சியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்களாம். உங்கள் பாயசத்தையும் சேர்த்து. நான் திகைத்துப் போய் லிஜி சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், கோபிக்கக் கூடாது: "அண்ணே, இருபத்தெட்டு வருசமா அந்த மனுசன் வீட்டுக்குள்ள வந்தா நாங்க டிவியக்கூட அமத்திருவோம். அவரப் பாத்து ஒருத்தி வயிறு வலிக்கச் சிரிச்சத அன்னைக்குத்தான் பாத்தேன். அந்தப் பிள்ளைய சீக்கிரம் அனுப்பி வைங்க. எனக்கும் சிரிக்க ஒரு தொணை வேணும்." இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நீங்கதான் லெட்டர் எழுதுதீகளாமே, அதுலயே சொல்லிருங்க" என்றார்கள். ஆகவே சொல்கிறேன். லிஜி சிரிக்க மாட்டாள் என்று மேலே எழுதியது செல்லாது, இது சம்பந்தியம்மாவின் உத்தரவு. போன வாரம் அடுக்களையிலிருந்து நீட்டிய ஒரு காகிதத்தில் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டேன், அது கல்யாணச் சம்மதக் காகிதமாம், அங்கே உங்கள் வீட்டில் நீங்களும் படிக்காமல் போட்டிருக்கிறீர்களாம். எனவே வருகிற ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்துப் பெயர் அறிவிக்கும்போது, யாருக்குக் கல்யாணம் என்று பக்கத்தில் கேட்டுவிடாதீர்கள், நம்ம பிள்ளைகளுக்குத்தான்.